மேசையைச் சுற்றி வந்து

மார்ச் 3

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீயும் அத்தானும் எப்படி இருக்கீங்கன்னு முதல்ல எழுது, மத்ததெல்லாம் அப்புறம்.

ஸ்டிரைக் ஆரம்பிச்சாச்சு. செய்தியில பார்த்திருப்ப. காலையில பதினோரு மணிக்கு எங்க எழுத்தாளர் சங்கத்திலேர்ந்து தகவல் வந்துச்சு, பேனாவைக் கீழ வைங்கன்னு. கொஞ்ச நேரத்துல கம்பெனிக்காரங்க வந்து, அரை மணி நேரத்துல உங்க சாமானை எடுத்துட்டுக் கிளம்புங்கன்னுட்டாங்க. ஆறு வருஷம் உட்கார்ந்து டிவி தொடர் எழுதின இடம். கையும் ஓடல, காலும் ஓடல. டீ குடிக்கிற கப், நாலு பேனா, நாற்காலியில போடுற மெத்தை, இதைத்தான் எடுத்துட்டு வந்திருக்கேன். மெத்தையை எதுக்கு எடுத்தேன்னு எனக்கே தெரியல. டிராயர்ல ஒரு நீல ஃபைல் இருந்தது, அதை மறந்துட்டேன். பரவாயில்ல, பழைய காகிதம்தான்.

எதுக்கு ஸ்டிரைக்குன்னு அத்தான் கேப்பாரு, சொல்லிடு. நாங்க ஒரு எபிசோட் எழுதினா ஒரு தடவை சம்பளம். அதையே அவங்க மத்தியானம் மறுபடி போடுறாங்க, அடுத்த வருஷம் வேற சேனலுக்கு விக்கிறாங்க, இப்போ போன்லயும் காசு வாங்கிட்டுக் காட்டுறாங்க. ஒவ்வொரு தடவையும் அவங்களுக்கு வரும்படி. எழுதினவனுக்கு முதல் தடவையோட சரி. மறுபடி போடுறப்போல்லாம் எங்களுக்கும் ஒரு பங்கு வேணும்னு கேக்கிறோம், அவ்வளவுதான்.

அத்தானோட காது எப்படி இருக்கு? அதை நீ எனக்கு மட்டும்தான் எழுதின, நானும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல.

போன்ல நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வச்சுடுற. கடுதாசியிலதான் கேக்காததெல்லாம் வருது. அதனால எப்பவும் போல எழுது. வீட்டுல யார் என்ன சொன்னாங்க, அதுக்கு நீ என்ன சொன்ன, வார்த்தைக்கு வார்த்தை எழுது. தனியா இருக்கிறவனுக்கு அதுதான் துணை.

உன் தம்பி

* * *

மார்ச் 14

தம்பிக்கு,

ரெண்டு பேருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல. சம்பளம் இல்லாத நீ என்ன சாப்பிடுறன்னு எழுதவே இல்லையே. அதை எழுது.

இருபத்தி மூணாம் டோக்கன் உள்ள போயிருக்காரு. வரவேற்பு மேசையில உட்கார்ந்து எழுதுறேன், பல்லைப் பிடுங்கிட்டு அவர் வெளிய வர்ற வரைக்கும்தான் இந்தக் கடுதாசி. எங்க டாக்டர் சீக்கிரம் பிடுங்கிடுவாரு.

நீ சொன்னதை அப்படியே உன் அத்தான்கிட்ட சொன்னேன். "நான் ஒரு போல்ட்டை முறுக்கி மெஷினை ஓட விட்டா இருபது வருஷம் ஓடுது. அது சுத்துறப்போல்லாம் எனக்குப் பங்கு குடுங்கன்னு கேட்டா முதலாளி என்னை ஏற இறங்கப் பார்ப்பாரு. உன் தம்பி கேக்கிறது எனக்குப் புரியல"ன்னாரு. எனக்கும் முழுசாப் புரியல.

காது அப்படியேதான் இருக்கு. இடது பக்கம் சுத்தமா இல்ல, வலது பக்கம் ஏதோ கொஞ்சம். ஒர்க் ஷாப்ல மெஷின் சத்தத்தை வச்சுக் கோளாறு எங்கன்னு சொல்றதுக்குத்தான் அவருக்கு ஃபோர்மேன் வேலை. இப்போ மெஷின் மேல உள்ளங்கையை வச்சுப் பார்த்துச் சொல்றாராம். எல்லாரும் அனுபவம்னு நினைச்சுக்கிறாங்க. ஜூன்ல அங்க எல்லாருக்கும் உடம்பு பரிசோதனை இருக்கு. அதுல தெரிஞ்சுட்டா ஃபோர்மேன் வேலை போயிடும். எனக்கு இது தெரியும்னு அவருக்குத் தெரியாது. நான் பின்னாலேர்ந்து கூப்பிடுறதே இல்ல. போன வருஷம் உனக்கு எழுதின மாதிரிதான், மேசையைச் சுத்தி முன்னால வந்து நின்னு, அவர் நிமிர்ந்து பார்த்தப்புறம்தான் வாயைத் திறக்கிறேன். ரெண்டு பேரும் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல.

உன் தொடர் ஏழரை மணிக்கு ஒரு நாள் விடாம பார்க்கிறோம். அவர் வாயசைப்பைப் பார்த்தே புரிஞ்சுக்குவாரு. போன வாரம் அந்த நாத்தனார் பேசினது ரொம்ப நல்லா இருந்துச்சு. எங்கேயோ கேட்ட மாதிரியும் இருந்துச்சு.

இருபத்தி மூணு வெளிய வந்துட்டாரு.

அக்கா

* * *

மார்ச் 24

அக்காவுக்கு,

உடம்பு தேவலை, வெயில்ல கறுத்துப் போயிருக்கேன். சாப்பாடு சங்கத்துல போடுறாங்க. ருசியைப் பத்திக் கேக்காத.

காலையில எட்டு மணிக்கு ஸ்டுடியோ கேட்டுக்கு முன்னால போய் நிக்கிறோம். அட்டையில எழுதிப் பிடிச்சுக்கிறது எங்க வேலை. எழுத்தாளனுங்க கூட்டம் இல்லையா, ஒரு அட்டையில நாலு வார்த்தை எழுத ஒன்பது பேர் திருத்தம் சொல்றாங்க. முதல் நாள் மத்தியானம் வரைக்கும் வெறும் அட்டையைத்தான் பிடிச்சுட்டு நின்னோம். எங்க செயலாளர் அம்மா முப்பது வருஷமா எழுதுறவங்க, அவங்க வந்து ஒரு அதட்டல் போட்டப்புறம்தான் எழுத்து விழுந்துச்சு. கூட ஒருத்தர் இருக்காரு, நகைச்சுவை எழுதுறவரு, முற்றுப்புள்ளின்னு கூப்பிடுவோம். அவர் ஒரு வார்த்தை சொன்னா அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது, வேற யாரும் மேல பேச முடியாது.

அத்தான் கேட்டதை அவர்கிட்ட சொன்னேன். உங்க அத்தான் கேட்டது நியாயமான கேள்வின்னுட்டாரு. அதுக்கு நான் சொன்ன பதிலை அத்தானுக்கும் சொல்லு. போல்ட்டை முறுக்கிட்டு அவர் வீட்டுக்கு வந்துடுறாரு. நாங்க எழுதுறது அப்படி இல்ல, வாழ்ந்த வாழ்க்கையிலேர்ந்து பிச்சு எடுத்து எழுதுறது. அதை ஒருத்தன் திரும்பத் திரும்ப விக்கிறப்போ, எடுத்த இடத்துக்கும் ஏதாவது வந்து சேரணும் இல்லையா? முற்றுப்புள்ளிக்கு இது பிடிச்சுப் போச்சு. "எடுத்த இடத்துக்கும் ஏதாவது குடு"ன்னு பெரிய எழுத்துல அட்டையில எழுதி என் கையிலயே குடுத்துட்டாரு. ஒரு வாரமா அதைத்தான் பிடிச்சுட்டு நிக்கிறேன். பேப்பர்ல கூட என் போட்டோ வந்துச்சு.

எடுத்து வச்ச எபிசோடெல்லாம் இந்த வெள்ளிக்கிழமையோட தீருது. திங்கக்கிழமை ஏழரைக்குப் பழசைத்தான் போட்டாகணும். அப்புறம் தானா வழிக்கு வருவாங்க.

உன் மாமியார் கொழுந்தனார் வீட்டுலேர்ந்து வந்தாங்களா? வந்தா என்ன சண்டைன்னு எழுது.

உன் தம்பி

* * *

ஏப்ரல் 5

தம்பிக்கு,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீ தொப்பி போட்டுக்கிட்டு நில்லு.

திங்கக்கிழமை பழசு வரும்னு எழுதியிருந்த. வரல. புதுசுதான் வந்துச்சு. செவ்வாயும் புதுசு. வாரம் பூரா புதுசு. நல்லாவும் இருந்துச்சு, அதான் விஷயம்.

புதன்கிழமை தொடர்ல அந்த மாமியார் மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டு சாப்பிட வரமாட்டேங்கிறாங்க. மருமக சொல்றா: "கோவிச்சுக்கிறதுன்னா சாப்பிட்டுட்டுக் கோவிச்சுக்கோங்க, எனக்குப் பாத்திரம் கழுவணும்." இது நான் என் மாமியார்கிட்ட சொன்னது. அஞ்சாறு வருஷத்துக்கு முன்னால. உனக்கு எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரம்மா கூட உட்கார்ந்து பார்த்துட்டு, உங்க தம்பி என்னமா எழுதுறாருன்னாங்க. நான் ஆமான்னேன்.

வியாழக்கிழமை ஒண்ணு, வெள்ளிக்கிழமை ரெண்டு. எல்லாம் நம்ம வீட்டுச் சமாச்சாரம்.

நீ ஸ்டிரைக்லதானே இருக்க? சும்மா கேட்டேன்.

அக்கா

* * *

ஏப்ரல் 10

அக்கா,

நலம் விசாரிக்கக் கூட நிதானம் இல்ல, கோவிச்சுக்காத.

நான் எழுதல. உன் மேல ஆணையா நான் ஒரு வரி எழுதல. அந்த நீல ஃபைல்ல இருந்தது உன்னோட கடுதாசிங்க. ஆறு வருஷக் கடுதாசியையும் தேதி வாரியா அடுக்கி வச்சிருந்தேன். அதை எடுத்து வச்சுக்கிட்டு எவனோ எழுதிக் குடுக்கிறான். யார்னு தெரியல.

இங்க என் நிலைமை சொல்லி முடியாது. எல்லாரும் எபிசோடைப் பார்க்கிறாங்க. ஒவ்வொருத்தரும் எழுதுற விதம் மத்தவங்களுக்குத் தெரியும் அக்கா, நடையை வச்சே ஆளைக் கண்டுபிடிக்கிற மாதிரி. இது உன் வசனம்தானேங்கிறாங்க. பகல்ல அட்டையைப் பிடிச்சுட்டு நிக்கிறான், வீட்டுக்குப் போய் கம்பெனிக்கு எழுதிக் குடுக்கிறான்னு காதுபடவே பேசுறாங்க. நேத்து டீ வாங்கிட்டு வந்து எல்லாருக்கும் குடுத்தேன், யாரும் எடுக்கல. ஆறு கிளாஸையும் வச்சுக்கிட்டு நின்னேன். சங்கம் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகுது. தப்புன்னு முடிவாச்சுன்னா சங்கப் பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துடுவாங்க. பேர் இல்லேன்னா ஸ்டிரைக் ஜெயிச்சாலும் எனக்குப் பங்கு கிடையாது, இனிமே எங்கேயும் எழுதவும் முடியாது.

அதை விடு. வேற ஒரு பயம் இருக்கு. அத்தான் காதைப் பத்தி, மேசையைச் சுத்தி வர்றதைப் பத்தி போன வருஷம் எழுதினியே, அந்தக் கடுதாசியும் அதுக்குள்ளதான் இருக்கு. பழசுலேர்ந்து வரிசையா எடுத்துட்டு வர்றான். அது கடைசியில இருக்கு. அதுக்குள்ள இது முடிஞ்சுடும்னு நினைக்கிறேன். எதுக்கும் ஏழரை மணிக்கு அத்தானை டிவி பக்கம் விடாத.

உன் தம்பி

* * *

மே 2

அக்காவுக்கு,

மூணு வாரமா உன்கிட்டேர்ந்து ஒரு வரி இல்ல. போன் போட்டா "நல்லா இருக்கோம், வேலையா இருக்கேன்"னு வச்சுடுற. உடம்பு சரியில்லையா? அத்தானுக்கு ஏதாவதா?

ஏப்ரல் இருபத்தி ரெண்டாம் தேதி எபிசோடை நானும் பார்த்தேன். அந்த மனைவி மேசையைச் சுத்தி வந்து நிக்கிறா, அவன் நிமிர்ந்து பார்க்கிறான், அப்புறம் பேசுறா. கதையே இல்லாத இடத்துல கொண்டு வந்து சொருகியிருக்கானுங்க. அத்தான் பார்த்தாரா? பார்த்தாரா இல்லையான்னு மட்டும் எழுது.

இன்னொண்ணும் சொல்லணும். இதை நீ கேக்கிறதுக்கு முன்னால நானே சொல்லியிருக்கணும். அந்த ஃபைலை ஆசைக்காக வச்சிருக்கல. உன் கடுதாசியிலேர்ந்து எடுத்துத்தான் ஆறு வருஷமா எழுதுறேன். நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்ன வரியெல்லாம் நீ எழுதினது. சிவப்புப் பென்சில்ல கோடு போட்டு வச்சிருப்பேன். புதுசா எழுத வந்தவனுக்கு நான் போட்ட கோடே போதுமா இருந்திருக்கு. வார்த்தைக்கு வார்த்தை எழுதுன்னு நான் கேட்டது வீட்டு ஞாபகத்துல மட்டும் இல்ல.

பதினஞ்சாம் தேதி விசாரணை. நான் எழுதல, கடுதாசியிலேர்ந்து எடுத்ததுன்னு நிரூபிக்க, நான் உனக்கு எழுதினது வேணும். அது கேட்டு இது கேட்டு எழுதியிருப்பேனே. நீ வச்சிருந்தா அனுப்பு. அனுப்ப மனசில்லேன்னா விட்டுடு.

உன் தம்பி

* * *

மே 9

தம்பிக்கு,

உடம்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. டாக்டர் வரவேற்புக்குப் புது நாற்காலி வாங்கியிருக்காரு, சுத்துது.

போன வருஷம் வரைக்கும் நீ எழுதின கடுதாசிக் கட்டை இதோட அனுப்பியிருக்கேன். எல்லாம் இருக்கு. எதை வேணாலும் காட்டு. அத்தான் காது விஷயம் வர்ற ரெண்டை மட்டும் பார்த்துக்கோ.

நீ பெரிசா பாவமன்னிப்பு கேக்கிற மாதிரி எழுதியிருக்க. எனக்கு முதல்லயே தெரியும்டா. உன் தொடர் ஆரம்பிச்ச நாலாவது நாளே தெரியும். மழையில துணி நனைஞ்சதுக்கு நான் உன் அத்தானைத் திட்டினது அப்படியே வந்துச்சு. அன்னிக்கு எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. இன்னிக்கு எது வருதுன்னு பார்க்கிறதுக்காகவே ஏழரைக்கு உட்காருவேன். சில நாள் வரலேன்னா ஏமாத்தமா இருக்கும். அதுக்காகவே நல்லா எழுதணும்னு எழுதியிருக்கேன், பொய் சொல்வானேன். நீ ஒரு நாள் சொல்லுவேன்னு பார்த்தேன். முதல் வருஷம் பார்த்தேன், ரெண்டாவது வருஷம் பார்த்தேன். அப்புறம் பார்க்கிறதை விட்டுட்டேன். வருத்தம் இல்லேன்னு சொல்ல மாட்டேன், இருந்துச்சு.

அத்தான் பார்த்தாரான்னு கேட்டிருக்க. இன்னிக்கு நாப்பது டோக்கன். அப்புறம் எழுதுறேன்.

அக்கா

* * *

மே 17

அக்காவுக்கு,

நீ அதுக்குப் பதில் எழுதாததே பதில்னு புரிஞ்சுக்கிட்டேன். அத்தான் எப்படி இருக்காரு? எனக்குத் தெரிய வேண்டாம்னா எழுதாத. அவரைப் பார்த்துக்கோ.

விசாரணை முடிஞ்சுது. நீள மேசை, அந்தப் பக்கம் அஞ்சு பேர், இந்தப் பக்கம் நான். நடுவுல செயலாளர் அம்மா. நான் உனக்கு எழுதின கடுதாசியை ஒவ்வொண்ணாப் படிச்சாங்க. "மாமியார் சாப்பிட வராத அன்னிக்கு நீ என்ன சொன்ன, அப்படியே எழுது." "நாத்தனார் கோவிச்சுட்டுப் போனப்போ என்ன பேசினீங்க, ஒண்ணு விடாம எழுது." எல்லாத்துலயும் தேதி இருக்கு. நம்பிட்டாங்க. எனக்கு மூச்சு வந்துச்சு.

அப்போதான் முற்றுப்புள்ளி கேட்டாரு. "இந்த ஆறு வருஷமும் திரையில யார் பேரு வந்துச்சு?" என் பேருன்னேன். "உங்க அக்கா பேரு?" வரலன்னேன். "அவங்களுக்கு என்ன குடுத்தீங்க?" ஒண்ணும் குடுக்கலன்னேன். அவர் எழுந்து போய் மூலையில சாத்தி வச்சிருந்த என் அட்டையை எடுத்துட்டு வந்து மேசை மேல, எழுத்து என் பக்கம் தெரியிற மாதிரி வச்சாரு. அக்கா, எனக்கு அந்த இடத்துலயே பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு. கேட்டுல நின்னு அறுபது நாளா நான் கம்பெனியைக் கேட்ட கேள்வி, நீ என்னைக் கேட்டிருக்க வேண்டியது.

அதுக்கப்புறம் செயலாளர் அம்மா, இருபத்தி ரெண்டாம் தேதி எபிசோடுக்கு மட்டும் எந்தக் கடுதாசியும் இல்லையேன்னாங்க. போன வருஷம் ரெண்டு மாசம் கட்டுல ஒண்ணுமே இல்லைங்கிறதையும் கவனிச்சுட்டாங்க. அந்த ரெண்டையும் நான்தான் வெளிய எடுத்து வச்சேன். தொலைஞ்சு போச்சுன்னேன். அப்போ இதை இப்போ எழுதிக் குடுத்தியான்னு கேட்டாங்க. இல்லன்னேன். பின்ன யாரோட வாழ்க்கை இதுன்னு கேட்டாங்க. சொல்ல முடியாதுன்னேன். அங்க பேசுறதெல்லாம் சங்கப் பத்திரிகையில அச்சாகும், நம்ம ஊருக்கும் வரும். ஜூன்ல பரிசோதனையை வச்சுக்கிட்டு நான் எப்படி வாயைத் திறப்பேன்? மூணு தடவை கேட்டாங்க. முடிவா பேரை எடுத்துட்டாங்க.

நான் பண்ணினதுக்கு இது சரியாத்தான் இருக்கு. கட்டை உன்கிட்டயே திருப்பி அனுப்புறேன், அந்த ரெண்டும் சேர்த்து.

உன் தம்பி

* * *

மே 28

எழுத்தாளர் சங்கச் செயலாளர் அம்மாவுக்கு வணக்கம். நீங்க எல்லாரும் நலமா இருக்கணும்.

எனக்குக் கடுதாசி எழுதிப் பழக்கம் இல்ல. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. உங்க சங்கத்துலேர்ந்து நீங்க பேரை எடுத்தவனோட அக்கா புருஷன் நான். ஒர்க் ஷாப்ல நேத்து வரைக்கும் ஃபோர்மேன். ஏப்ரல் இருபத்தி ரெண்டாம் தேதி டிவியில வந்த அந்தக் காது கேக்காத ஆள் நான்தான். என் மச்சினன் உங்ககிட்ட மறைச்ச ரெண்டு கடுதாசியையும் இதோட வச்சிருக்கேன். தேதியைப் பாருங்க, போன வருஷத்துக் கடுதாசி. அவன் புதுசா எதுவும் எழுதிக் குடுக்கல.

அன்னிக்கு என் வீட்டுக்காரி டிவியை அணைக்கப் பார்த்தா. ஏன் அணைக்கிறேன்னு கேட்டு நான்தான் போடச் சொன்னேன். அந்தப் பொண்ணு மேசையைச் சுத்தி வந்து நின்னா. எனக்கு முதல்ல ஒண்ணும் தோணல. நம்ம வீட்டுலயும் இப்படித்தானேன்னு நினைச்சேன். மறுநாள் காலையில பேப்பர் படிச்சுட்டு இருந்தப்போ இவ மேசையைச் சுத்தி வந்து முன்னால நின்னா. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவளும் பார்த்தா. என்ன சொல்ல வந்தாளோ அதைச் சொல்லாமலே உள்ள போயிட்டா. அப்போதான் எனக்கு எல்லாம் விளங்குச்சு. ஒரு வருஷத்துக்கு மேல நான் ஒளிச்சு வச்சிருந்ததா நினைச்சேன், அவ ஒளிச்சு வைக்க விட்டிருக்கா. அவ முன்னால வந்து நின்னு பேசுறதைப் பாசம்னு நினைச்சுட்டு இருந்தேன்.

மச்சினன் மேல அப்படி ஒரு கோவம். ஊர் உலகம் பார்க்க என்னைக் காட்டிட்டானேன்னு. ஏழரை மணியானா செருப்பை மாட்டிட்டு வெளிய போயிடுவேன். அப்புறம் அவன் இந்த மாசம் எழுதின கடுதாசியை இவ என் முன்னால வச்சா. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா தப்பிச்சுடலாம்னு இருக்கிறப்போ, எனக்காக வாயை மூடிட்டு இருந்திருக்கான். அதைப் படிச்சப்புறம் எனக்கு வீட்டுல உட்கார முடியல.

நேத்து முதலாளியைப் பார்த்து நானே சொல்லிட்டேன். ஸ்டோருக்கு மாத்திட்டாரு, சம்பளம் கொஞ்சம் குறையும். ஒளிச்சு வச்சுட்டு வேலை பார்த்ததை விட இது லேசா இருக்கு. இனிமே இது யாருக்குத் தெரிஞ்சாலும் எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க பத்திரிகையில போட்டுக்கலாம்.

மெஷின்ல போல்ட் முறுக்கினவனுக்கு யார் பங்கு குடுக்கிறான்னு அவனைக் கேட்டிருந்தேன். அந்தக் கேள்வியைத் திருப்பி வாங்கிக்கிறேன். போல்ட் என் வீட்டுலேர்ந்து எடுத்தது இல்ல. அவன் பேரைத் திரும்பச் சேர்த்துடுங்க.

இப்படிக்கு,
ஸ்டோர் பொறுப்பாளர்

* * *

ஜூலை 21

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

ரெண்டு பேரும் சுகமா இருக்கீங்கன்னு நம்புறேன். எனக்கு இப்போ ராத்திரி தூக்கம் வருது.

ஸ்டிரைக் முடிஞ்சுது. கேட்டது முழுசா வரல. மறுபடி போடுற ஒவ்வொரு தடவையும் பங்கு உண்டு, ஆனா நாங்க கேட்டதுல பாதிக்கும் கொஞ்சம் கீழ. போன்ல காட்டுறதுக்கு அதை விடக் கம்மி. சில பேர் திட்டுறாங்க, சில பேர் கட்டிப் பிடிச்சு அழுறாங்க. எனக்கு ரெண்டுமே பண்ணணும் போல இருந்துச்சு.

அத்தானோட கடுதாசியை செயலாளர் அம்மா எல்லாருக்கும் முன்னால படிச்சாங்க. படிச்சு முடிச்சதும் எல்லாரும் முற்றுப்புள்ளியைத்தான் பார்த்தோம். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுட்டு உட்கார்ந்திருந்தாரு. மறுநாள் ஒரு கிளாஸ் டீயோட வந்து என் பக்கத்துல நின்னாரு. என் பேரைத் திரும்பச் சேர்த்துட்டாங்க. அத்தானுக்கு நேர்ல வந்து சொல்றதுதான் முறை, வர்றேன். அதுக்கு முன்னால இதைப் படிக்கட்டும்: அத்தான், உங்க ஃபோர்மேன் வேலை போனதுக்கு நான்தான் காரணம். நீங்க இல்லேன்னு சொன்னாலும் நான்தான்.

பழைய எபிசோடுக்கெல்லாம் படிவம் வந்திருக்கு. "எழுதியவர்"னு ஒரே ஒரு கோடு. நான் கீழ இன்னொரு கோடு இழுத்து உன் பேரையும் எழுதினேன். கம்பெனிக்காரன் ரெண்டு கோடு கூடாதுங்கிறான். அப்போ என் பேரை அடிச்சுடுன்னேன், யோசிச்சுட்டு ரெண்டையும் ஒத்துக்கிட்டான். ஏப்ரல் இருபத்தி ரெண்டாம் தேதி எபிசோட்ல நான் ஒண்ணும் பண்ணல. அதுல உன் பேர் மட்டும்தான்.

சங்கத்துல உறுப்பினரா இருந்தாத்தான் பங்கு தர முடியுமாம். உனக்கு விண்ணப்பம் வச்சிருக்கேன். உன்னைக் கேக்காம எடுத்ததுக்கு மன்னிப்பு கேக்கிறேன் அக்கா. ஆறு வருஷமா கேட்டிருக்க வேண்டியது. கையெழுத்துப் போட்டா போடு, போடலேன்னாலும் உன் பேர் அங்க இருக்கும்.

உன் தம்பி

* * *

ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. நீ வர்றப்போ அந்த நாற்காலி மெத்தையைக் கொண்டு வா, இங்க சுத்துற நாற்காலி பார்க்கத்தான் நல்லா இருக்கு, உட்கார முடியல.

விண்ணப்பம் ரொம்ப நாள் மேசை மேலயே கிடந்துச்சு. தொழில்னு கேட்டிருந்த இடத்துல பல் டாக்டர்கிட்ட வரவேற்புன்னு எழுதினேன். உன் அத்தான் பார்த்துட்டு, ஆறு வருஷமா நீ பார்த்த ரெண்டாவது வேலையை எங்கன்னு கேட்டாரு. அதையும் எழுதி கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன். ஆனா ஒண்ணு. இனிமே என்கிட்டேர்ந்து எதை எடுத்தாலும், எழுதுறதுக்கு முன்னால எனக்கு அனுப்பு. சிலதை நான் வேண்டாம்னு சொல்லுவேன். என் மாமியாரை நீ கொஞ்சம் அதிகமாவே கெட்டவங்களாக் காட்டிட்ட.

அவருக்குக் காதுல மெஷின் மாட்டியாச்சு. முதல் நாள் நான் பாத்திரம் கழுவுறப்போ பின்னால வந்து நின்னு கேட்டுட்டு, "நீ தனியா இவ்வளவு பேசுவியா"ன்னாரு. ஒரு வருஷத்துக்கு மேல அவர் காதுல விழாதுன்னு நான் என்னென்ன பேசியிருப்பேன்னு நினைச்சு எனக்கு சிரிப்பு தாங்கல. ஸ்டோர்ல ஆணி போல்ட்டெல்லாம் அடுக்கி வைக்கிறாரு. மெஷின்ல ஏதாவதுன்னா இப்பவும் கூப்பிட்டுக் கையை வச்சுப் பார்க்கச் சொல்றாங்களாம்.

நேத்து மத்தியானம் அந்த ஏப்ரல் எபிசோடை மறுபடி போட்டாங்க. எனக்கு லீவு, அவரும் வீட்டுல. முடிவுல என் பேர் தனியா வந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரம்மா இன்னும் என்கிட்ட பேசி முடிக்கல. ஆனா நான் உனக்கு எழுத வந்தது அது இல்ல.

முதல் தடவை வந்தப்போ அவர் வாயசைப்பைத்தான் பார்த்தாரு, அதுவும் அந்தப் பொண்ணு பேசுறப்போ கேமரா அவ பின்னால போயிடுச்சு. அவ சுத்தி வந்து என்ன சொன்னாங்கிறது அவருக்குத் தெரியாமலே இருந்துச்சு. நேத்துதான் காதால கேட்டாரு. "வெந்நீர் ஆயிடுச்சு"ன்னு சொல்றா. நான் உனக்கு எழுதினதுதான் அது, தினமும் காலையில நான் சொல்றது.

அவர் என் பக்கம் திரும்பினாரு. "இதைச் சொல்றதுக்கா அவ்வளவு தூரம் சுத்தி வந்த? தினமுமா?"ன்னு கேட்டாரு.

ஆமான்னேன்.

இன்னிக்குக் காலையிலயும் சுத்தித்தான் போனேன். அவருக்குக் கேக்கும், எனக்கும் தெரியும். பேப்பரை மடிச்சு வச்சுட்டு எனக்காகக் காத்துட்டு இருந்தாரு.

அக்கா